கல்லறைத் திருநாளன்று மாமாவின் கல்லறையில் உணவு படைக்கலாமா?

குகை மருமகள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் சேலம் குகையில் பிறந்து வளர்ந்தவள். என் பிறந்த வீடு இந்துக் குடும்பம். திருமணமாகி ஏற்காட்டுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கணவர் வீட்டார், காப்பித் தோட்ட வேலைக்காக மலையேறி வந்த முன்னோரின் காலத்திலிருந்தே கத்தோலிக்கர்கள். கடந்த மாசி மாதம் என் மாமனார் காலமானார். அவர் மறைந்த பிறகு வருகின்ற முதல் கல்லறைத் திருநாள் இது என்பதால், வீட்டில் இப்போதே பேச்சு தொடங்கிவிட்டது. பேச்சோடு கருத்து வேறுபாடும் தொடங்கிவிட்டது.

மாமாவுக்கு மிகவும் பிடித்த ராகிக் களியையும் கருவாட்டுக் குழம்பையும் சமைத்து எடுத்துச் சென்று, கல்லறையின்மேல் வாழையிலை விரித்துச் சிறிது நேரம் வைத்துவிட்டு எடுத்துவர வேண்டும் என்று அத்தை சொல்கிறார். அவருடைய மாமியார் அப்படித்தான் செய்தாராம். பங்குப் பேரவையில் (எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் ஆலோசனைக் குழுவில்) பொறுப்பில் உள்ள என் கணவரின் அண்ணனோ, அது கோவிலில் ஏற்றுக்கொள்ளப்படாத பழக்கம் என்று மறுக்கிறார். அஸ்தம்பட்டியில் சி.எஸ்.ஐ. சபையில் (தென்னிந்தியத் திருச்சபை என்னும் சீர்திருத்தச் சபையில்) மணம் முடித்திருக்கும் எங்கள் நாத்தனார், இறந்தவருக்காக வேண்டிக்கொள்வதற்கே வேதத்தில் இடமில்லை, நினைவுகூர்ந்து நன்றி சொன்னால் போதும் என்கிறார். குகையில் இருக்கும் என் அம்மாவோ, பெண்கள் இடுகாட்டுக்குப் போவது வழக்கமில்லையே என்று தயங்குகிறார்.

எங்கள் பிறந்த வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும். என் அப்பா இறந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு மகாளய அமாவாசையன்றும் அண்ணன் பவானி கூடுதுறைக்குச் சென்று திதி கொடுத்து வருவார். வீட்டில் படையல் வைத்து, காக்கைக்குச் சோறிட்ட பிறகுதான் நாங்கள் உண்போம். யாருக்காக, எதற்காக என்பது அங்கே எனக்குத் தெளிவாக இருக்கிறது. இங்கே நான் நான்கு ஆண்டுகளாகக் கல்லறைக்குச் சென்று மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தும், அந்த வர்த்தி யாருக்காக எரிகிறது என்பதை ஒருவரிடமும் கேட்டதில்லை. நவம்பர் 2ஆம் நாளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள், துக்க நாளை ஏன் திருநாள் என்கிறார்கள், படையலைப் பற்றிச் சபை உண்மையில் என்ன சொல்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால், அத்தையிடம் மனம் நோகாமல் பேச எனக்கு உதவியாக இருக்கும்.

நாலு ரோடு மறைக்கல்வி ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். பெயரைப் பற்றிய ஐயத்திலிருந்தே தொடங்குகிறேன். திருவழிபாட்டு நாள்காட்டியில் 'கல்லறைத் திருநாள்' என்ற பெயரை நீங்கள் காண முடியாது. 'இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு' என்றே அச்சிட்டிருப்பார்கள். எங்கள் பாட்டிமார்கள் அதைச் சகல ஆத்துமாக்கள் திருநாள் என்று சொன்னார்கள். கல்லறை என்பது மக்கள் தாமாகச் சூட்டிய பெயர். அன்றைக்கு எல்லோருடைய கால்களும் எந்தப் பக்கம் நடக்கின்றனவோ, அந்த இடத்தின் பெயரே நாளுக்கும் நிலைத்துவிட்டது.

திருநாள் என்று ஏன் சொல்கிறோம் என்பது அதற்கு முந்தைய நாளோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கும். நவம்பர் 1 அனைத்துப் புனிதர்களின் பெருவிழா. முதல் நாள் கரை சேர்ந்துவிட்டவர்களுக்கு, மறுநாள் கரையை நோக்கி வந்துகொண்டிருப்பவர்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடவுளின் நட்பில் இறந்தும், அவரை முகமுகமாகக் காண்பதற்கு முன் இன்னும் தூய்மை பெற வேண்டியவர்களாக இருப்போரின் நிலையைத்தான் பழைய தமிழில் 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்றார்கள். இதை ஒரு சிறிய நரகம் போலச் சித்திரித்துப் பிள்ளைகளைப் பயமுறுத்தியவர்கள் உண்டு. நானே அப்படிப் பயந்து வளர்ந்தவன்தான். ஆனால் சபையின் போதனை அதுவன்று. அங்கே இருப்பவர்கள் மீட்கப்பட்டவர்கள். அவர்கள் விண்ணகம் சேர்வது உறுதி. தங்களுக்காகத் தாங்களே எதுவும் செய்துகொள்ள இயலாத அவர்களுக்கு, உயிரோடிருக்கும் நாம் வேண்டுதலாலும், திருப்பலியாலும், தருமத்தாலும் உதவ முடியும் என்பதே இந்த நாளின் அடிப்படை. ஆகவே உங்கள் மெழுகுவர்த்தி மாமாவிடம் எதையும் கேட்பதற்காக எரியவில்லை. மாமாவுக்காகக் கடவுளிடம் கேட்பதற்காக எரிகிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

ஏன் மெழுகுவர்த்தி என்றால், திருமுழுக்கின்போது பாஸ்கா திரியிலிருந்து (உயிர்ப்பு விழாவில் ஏற்றும் பெரிய மெழுகுவர்த்தியிலிருந்து) ஏற்றிய ஒரு வர்த்தியைக் குழந்தையின் பெயரால் கையில் கொடுக்கிறார்கள்; இறந்தபின் அதே பாஸ்கா திரியைச் சவப்பெட்டியின் அருகில் ஏற்றிவைக்கிறார்கள். கல்லறையில் நாம் ஏற்றுவது அந்த ஒளியின் தொடர்ச்சி. நித்திய இளைப்பாற்றியையும் முடிவில்லாத ஒளியையும் அவர்களுக்குத் தந்தருளும் என்று அன்று வேண்டுகிறோம். 'இளைப்பாற்றி' என்பது எனக்கு மிகவும் பிடித்த சொல். வெயிலில் நெடுந்தூரம் சுமை தூக்கி வந்தவன் சுமைதாங்கிக் கல்லில் பாரத்தை இறக்கிவிட்டு நிழலில் உட்காரும் அந்த நேரத்தை, இறந்தவருக்காகக் கேட்கும் வேண்டுதலில் நம் முன்னோர் வைத்தார்கள்.

நவம்பர் 2 என்ற நாள் எங்கிருந்து வந்தது என்பதற்கான விடையின் ஒரு நுனி நம் ஊரிலேயே இருக்கிறது. சேலத்தில் குளூனி பள்ளியை அறியாதவர் இருக்க மாட்டார்கள்; ஏற்காட்டில் திரு இருதயப் பெண்கள் பள்ளியை நடத்துபவர்களும் அதே குளூனி சகோதரிகள்தாம். குளூனி என்பது ஒரு புனிதரின் பெயரன்று, பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர். அங்கே 910ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பெரிய ஆசீர்வாதப்பர் (புனித பெனடிக்டின் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியர்) மடத்துக்கு 994 முதல் 1049 வரை அதிபராக இருந்தவர் புனித ஓடிலோ. தம் ஆளுகைக்குட்பட்ட மடங்கள் அனைத்திலும், அனைத்துப் புனிதர்களின் விழாவுக்கு மறுநாள், இறந்த எல்லா விசுவாசிகளுக்காகவும் திருப்பலியும் செபமும் தருமமும் செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டவர் அவரே. 998ஆம் ஆண்டு என்று பொதுவாகக் குறிப்பிடுவார்கள். அவருக்கு முன்பும் இறந்தவர்களுக்காக ஆங்காங்கே வேண்டினார்கள். ஆனால் பெயர் சொல்லி வேண்டுவதற்கு ஆளில்லாதவர்களையும் சேர்த்து எல்லோருக்கும் ஒரே நாள் என்று வைத்தது அவர் செய்த காரியம். குளூனியின் கீழ் நூற்றுக்கணக்கான மடங்கள் இருந்ததால் அந்த வழக்கம் மேற்கு ஐரோப்பா முழுவதும் பரவிற்று. (நம் சகோதரிகளின் சபை 1807இல் தொடங்கப்பட்ட வேறு சபை, பின்னர் அந்த ஊரில் தலைமை இல்லம் அமைந்ததால் பெயர் பெற்றது. இரண்டையும் ஒன்றென்று எண்ண வேண்டாம்.)

நவம்பர் 2 அன்று ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலி நிறைவேற்றலாம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஸ்பெயின், போர்த்துகல் நாடுகளுக்கும் அவற்றின் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளுக்கும் மட்டும் முன்பே இருந்த இந்தச் சலுகையை, முதல் உலகப் போரில் இளைஞர்கள் கணக்கின்றி மடிந்துகொண்டிருந்த 1915இல், திருத்தந்தை (போப்) பதினைந்தாம் பெனடிக்ட் உலகத் திருச்சபை முழுவதற்கும் விரித்தார். மூன்றில் ஒன்றை மட்டுமே குரு தாம் பெற்ற கருத்துக்காக (ஒருவர் காணிக்கை தந்து கேட்ட வேண்டுதலுக்காக) ஒப்புக்கொடுக்கலாம். இன்னொன்று இறந்த விசுவாசிகள் அனைவருக்காகவும், மற்றொன்று திருத்தந்தையின் கருத்துக்காகவும் ஒப்புக்கொடுக்கப்பட வேண்டும். காணிக்கை தர ஒருவரும் இல்லாத ஆத்துமாவுக்கும் அன்று பூசை உண்டு என்பது இதன் பொருள். நவம்பர் 1 முதல் 8 வரை, பாவசங்கீர்த்தனமும் (குருவிடம் பாவ அறிக்கை செய்வதும்) நற்கருணையும் திருத்தந்தையின் கருத்துக்கான செபமும் ஆகிய நிபந்தனைகளோடு கல்லறைத் தோட்டத்தைச் சந்தித்து வேண்டுவோர், ஒரு பரிபூரண பலனை (மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கு எஞ்சியுள்ள தண்டனை முழுவதும் நீங்கும் சலுகையை) இறந்தவர்களுக்காக ஒப்புக்கொடுக்கலாம். நீங்கள் திருமுழுக்குப் பெறாதவர் என்பதால் இது உங்கள் அத்தைக்கும் கணவருக்கும் உரியது. ஆனால் வேண்டுதலுக்கு அந்த எல்லை இல்லை.

இப்போது உணவு. உங்கள் அத்தையின் மனத்தை நான் குறைவாக எண்ணவில்லை. தென்புலத்தார் என்று இறந்த முன்னோருக்குத் தனியே ஒரு சொல்லை வைத்திருந்த மொழியில் பிறந்தவர்கள் நாம். ஞானஸ்நானத்தின் தண்ணீர் சமையற்கட்டு வரை உடனே பாய்ந்துவிடாது. ஆனால் இந்தக் கேள்வி நம் மண்ணில் மட்டும் எழுந்ததன்று. நான்காம் நூற்றாண்டில் புனித அகுஸ்தினாரின் தாய் மோனிக்கம்மாள், வட ஆப்பிரிக்காவில் தம் ஊர் வழக்கப்படி, கூழும் அப்பமும் திராட்சை இரசமும் கூடையில் எடுத்துக்கொண்டு வேதசாட்சிகளின் கல்லறைகளுக்குச் செல்வது வழக்கம். மிலான் நகரில் அவர் அப்படிச் சென்றபோது வாயிற்காப்போன் தடுத்தான். ஆயர் அம்புரோசியார் தடை செய்திருக்கிறார் என்று அறிந்ததும், அந்த அம்மையார் வாதாடவில்லை. குடித்து மயங்குவோருக்கு அது வாய்ப்பாகிவிடக் கூடாது, பிற சமயத்தாரின் நீத்தார் விழாவோடு அது ஒத்திருக்கிறது என்பவை ஆயர் சொன்ன காரணங்கள். அன்றுமுதல் கல்லறைக்கு வேண்டுதலை மட்டும் எடுத்துச் சென்றார், தம்மால் இயன்ற உணவை ஏழைகளுக்குக் கொடுத்தார் என்று மகனே எழுதியிருக்கிறார். அதே தாய் 387இல் ஓஸ்தியாவில் மரணப் படுக்கையில் இருந்தபோது, இந்த உடலை எங்கு வேண்டுமானாலும் அடக்கம் செய்யுங்கள், ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைவுகூருங்கள் என்பதை மட்டுமே கேட்டார்.

ஆகவே என் கருத்து இது. களியும் குழம்பும் தவறல்ல, இலை விரிக்கும் இடம்தான் மாற வேண்டும். மாமாவின் பெயரால் அதை வீட்டில் சமைத்து, பசித்திருக்கும் ஒருவருக்கேனும் பரிமாறச் சொல்லுங்கள். தருமம் இறந்தவருக்கு உதவும் என்பது சபையின் போதனையே ஆகையால், அத்தைக்கு எதையும் இழந்த உணர்வு வர வேண்டியதில்லை. கல்லறையின்மேல் வைத்தால், இறந்தவர் வந்து உண்கிறார் என்ற பொருளைத்தான் பார்ப்பவர்கள் கொள்வார்கள்; பேரப்பிள்ளைகளும் அப்படியே கற்றுக்கொள்வார்கள்.

அஸ்தம்பட்டிச் சபையார் எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கும் சகோதரிக்கும் ஸ்தோத்திரம். உங்கள் நாத்தனார் சொன்னதன் பின்னணியை, அவர் பக்கத்தில் நின்று விளக்குவது நியாயமாக இருக்கும் என்று எண்ணி எழுதுகிறேன்.

இறந்தவர்களுக்காக வேண்டுவதற்குக் கத்தோலிக்கர்கள் முதன்மையாகக் காட்டும் வேதப் பகுதி மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரம். போரில் மடிந்த வீரர்களின் உடைக்குள் சிலைகளின் தாயத்துகள் இருந்ததைக் கண்ட யூதா மக்கபே, அவர்களுடைய பாவம் போக்கும் பலிக்காக இரண்டாயிரம் வெள்ளிக் காசுகளைத் திரட்டி எருசலேமுக்கு அனுப்பினார் என்று அங்கே வாசிக்கிறோம். அந்த நூல் எங்கள் வேதாகமத்தின் 66 நூல்களுக்குள் இல்லை. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அது இணைத் திருமுறை நூல்களில் ஒன்றாக இடம்பெற்றிருந்தாலும், உபதேசத்தை நிலைநாட்ட நாங்கள் அதை ஆதாரமாகக் கொள்வதில்லை. உத்தரிக்கும் ஸ்தலம் என்னும் போதனையை ஆங்கிலிக்கன் சபையின் 39 சமயக் கொள்கைகளில் 22ஆவது கொள்கை வெளிப்படையாக மறுக்கிறது. சேலத்தில் 1827இல் பணி தொடங்கிய இலண்டன் மிஷன் சங்கத்தாரும் அதே மனப்பாங்கு உடையவர்களே. 1947இல் தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தபோது பல மரபுகள் ஒன்று சேர்ந்தன; ஆனால் இந்தக் காரியத்தில் அவற்றுக்குள் பெரிய பூசல் எழ வேண்டிய தேவையே இருக்கவில்லை.

எங்கள் பார்வையில், விசுவாசத்தோடு மரித்தவரின் கணக்கைக் கிறிஸ்து சிலுவையிலேயே முடித்துவிட்டார். அதன்மேல் நாம் கூட்டுவதற்கு ஒன்றுமில்லை. அதனால் எங்கள் கல்லறைக் கற்களில் 'மரித்தார்' என்பதைவிட 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்ற வாசகத்தையே மிகுதியாகக் காண்பீர்கள். தூங்குகிறவனுக்கு விடியலைத் தவிர வேறு எதைக் கொடுப்பது? அந்த எண்ணத்தினால்தான் உயிர்ப்பின் ஞாயிறன்று இருள் பிரியும் முன் கல்லறைத் தோட்டத்தில் கூடி ஆராதிக்கும் வழக்கம் எங்களில் பல சபைகளில் உள்ளது. 1732இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் மொராவியச் சபை இளைஞர்கள் முதன்முதலாக அப்படிக் கூடினார்கள். என்னைக் கேட்டால் எங்களுடைய உண்மையான கல்லறைத் திருநாள் அதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நவம்பர் 2 அன்று நானும் என் பெற்றோரின் கல்லறைக்குச் செல்கிறேன்; களை பிடுங்கி, சாமந்தி மாலை சாத்தி, வர்த்தி ஏற்றுகிறேன். எங்கள் ஆயரும் (சபைப் போதகர்) அங்கே வந்து வேதம் வாசித்து, மரித்தவர்களின் வாழ்வுக்காக நன்றி செலுத்தி, இருக்கிறவர்களின் ஆறுதலுக்காக ஜெபிக்கிறார். அடுத்த வரிசையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் நின்று இதையே செய்தால், பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. வேறுபாடு முழுவதும் ஜெபத்தின் வாக்கியத்தில் இருக்கிறது. அவர்கள் 'இவருக்கு இளைப்பாற்றி தாரும்' என்கிறார்கள். நாங்கள் 'இவருக்கு நீர் இளைப்பாறுதல் தந்ததற்காக ஸ்தோத்திரம்' என்கிறோம். உங்கள் நாத்தனாரைக் கல்லறைக்கு வரச் சொல்லுங்கள். அவர் மறுக்க மாட்டார். ஆசிரியர் ஐயாவின் மறுமொழியில் உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிய பகுதியை மட்டும் அவரிடம் வாசித்துக் காட்டாதீர்கள், அன்று மாலை முழுவதும் அதிலேயே போய்விடும்.

உணவைப் பற்றி எங்கள் நிலை கண்டிப்பானது, படையல் கூடாது. ஆனால் மோனிக்கம்மாளின் கதையை நான் இன்றுதான் அறிந்தேன்.

மலைத்தோட்டத்துக்காரர் எழுதியது:

உபதேசம் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் ஏற்காட்டில் அறுபது நவம்பர்களைப் பார்த்தவன் என்ற முறையில், நடைமுறையில் தெரிந்திருக்க வேண்டியவற்றை எழுதுகிறேன்.

நவம்பர் 2 வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில் வருகிறது. சமவெளியில் வர்த்தி ஏற்றுவது போல இங்கே ஏற்ற முடியாது. பனிமூட்டம் இறங்கினால் திரி ஈரமாகி, பத்துத் தீக்குச்சி செலவழித்தும் பிடிக்காது. கொட்டாங்குச்சியில் பாதியளவு மணல் நிரப்பி அதற்குள் குட்டையான தடித்த வர்த்தியை நட்டு வைத்தால், காற்றும் சாரலும் அவ்வளவாகத் தாக்காது; உருகும் மெழுகும் கல்லில் படியாது. பளிங்கு பதித்த கல்லறைகளில் நேரடியாக வர்த்தி ஒட்டியதால் விழுந்த கறைகளை ஆண்டு முழுவதும் பார்க்கலாம். நெகிழிப் பூ வளையங்களை வாங்காதீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் தங்கை அழகாக இருக்கிறதே என்று ஒன்றை வாங்கி வந்து சிலுவையில் மாட்டினாள். கீழே எரிந்த வர்த்தியின் தீ அதில் பற்றி, சிலுவையின் ஒரு கை கரியாகிவிட்டது. அம்மாவின் பெயரில் பாதி எழுத்து இன்றும் கறுப்பாகவே இருக்கிறது.

பூவுக்காகச் சேலம் வ.உ.சி. மார்க்கெட் வரை இறங்க வேண்டியதில்லை. தீபாவளியை ஒட்டி வருகின்ற ஆண்டுகளில் அங்கே விலையைக் கேட்டாலே தலை சுற்றும். நம் வீட்டு முற்றத்தில் பூக்கும் டேலியாவும் சாமந்தியும் போதும். மாமா கையால் நட்ட செடி ஏதேனும் இருந்தால் அதிலிருந்து நாலு பூ பறித்துச் செல்லுங்கள். வேடிக்கை என்னவென்றால், கல்லறைகளெல்லாம் பூவால் மூடியிருக்கும் அந்த ஒரு நாளில் திருப்பலிப் பீடத்தில் மட்டும் பூ வைக்கக் கூடாது என்பது ஒழுங்கு. இசைக் கருவிகளையும் பாடலுக்குத் துணையாக மட்டுமே வாசிக்க வேண்டும்.

களை பிடுங்குவதையும் சுண்ணாம்பு அடிப்பதையும் திருநாளுக்கு முந்தைய நாளுக்கு ஒதுக்காதீர்கள். மழையில் சுண்ணாம்பு காயாது. ஒரு வாரம் முன்பே, வெயில் அடிக்கும் காலை வேளையில் முடித்துவிடுங்கள். மாசி மாதம் அடக்கம் செய்த குழி என்றால் மண் இந்த மழையில் உள்வாங்கியிருக்கும். அதன்மேல் இந்த ஆண்டே கட்டடம் எழுப்ப வேண்டாம், ஒரு மழைக்காலம் போகட்டும். மண்மேடாகவே இருந்தால் ஓரத்தில் கல் அடுக்கி, பசுஞ்சாணம் தெளித்துப் பூ தூவினால் போதும். எனக்கு மண் கல்லறைதான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

மந்திரிப்பு வேளையில், அதாவது கல்லறைகளை ஆசீர்வதிக்கும்போது, சாமியார் (குரு) ஒவ்வொரு வரிசையாகத் தீர்த்தம் தெளித்துச் சாம்பிராணி காட்டி வருவார். அப்போது அவரவர் தத்தம் குடும்பக் கல்லறையின் அருகே நிற்க வேண்டும். உங்கள் அம்மாவின் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கே கல்லறைத் தோட்டத்துக்குப் பெண்களும் கைக்குழந்தைகளும்தான் முதலில் வருவார்கள். திரும்பி வந்து தலைமுழுகும் வழக்கமும் கிடையாது. அம்மா சேலத்திலிருந்து வருவதானால் மதியமே வந்துவிடட்டும். இருட்டிய பிறகு, பனிமூட்டத்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்குவது பழகியவர்களுக்கே கடினம்.

அத்தையின் களிக்கு ஒரு யோசனை. நவம்பரில் காப்பிப் பழம் பறிக்கும் வேலை தொடங்கிவிடும். உங்கள் மாமா காப்பித் தோட்டத்தில் வேலை செய்தவர்தானே? அவரோடு லயன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருந்த வயதானவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். மந்திரிப்பு முடிந்து குளிரில் நடுங்கிக்கொண்டு வீடு திரும்பும் அவர்களுக்குச் சூடான களியையும் கருவாட்டுக் குழம்பையும் விட வேறு எது பிடிக்கும்?

குகை மருமகள் எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. நேற்றிரவு அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, மோனிக்கம்மாளின் கதையை மட்டும் சொன்னேன். சபை கூடாது என்கிறது என்ற சொல்லை நான் எடுக்கவே இல்லை. அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த அம்மாவும் கூடையைத் தூக்கிக்கிட்டுத்தானே போயிருக்காங்க" என்றார். பிறகு, அவரே மாமாவோடு வேலை பார்த்த நான்கு பேரின் பெயர்களைச் சொல்லி, அவர்களில் ஒருவருக்குப் பல் இல்லை என்பதால் களியைச் சற்றுத் தளர்வாகக் கிண்ட வேண்டும் என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். கொட்டாங்குச்சிகளைச் சேர்த்து வைக்கும் வேலை என்னுடையது.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. நவம்பர் மாதம் முழுவதும் வேண்டிக்கொள்வதற்காக இறந்தவர்களின் பெயர்களை எழுதி உறையிலிட்டுக் கோவிலில் கொடுக்க வேண்டும் என்று என் கணவர் ஒரு தாளைக் கொண்டுவந்தார். மாமாவின் பெயரை எழுதினேன். அதன்கீழே என் அப்பாவின் பெயரை எழுத வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் கோவிலுக்கே வராதவர், ஒவ்வோர் ஆடியிலும் மாரியம்மன் பண்டிகையின் வண்டி வேடிக்கைக்கு (அலங்கார வண்டி ஊர்வலத்துக்கு) வண்டி கட்டியவர். எழுதலாமா, அல்லது அது இரு பக்கத்தாரையும் சங்கடப்படுத்துமா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நாலு ரோடு மறைக்கல்வி ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

தாராளமாக எழுதலாம் அம்மா. உயிரோடிருப்பவர், இறந்தவர் எவருக்காகவும் திருப்பலியை ஒப்புக்கொடுக்கக் குருவுக்கு உரிமை உண்டு என்று திருச்சபைச் சட்டத்தின் 901ஆம் விதி கூறுகிறது; அவர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. திருப்பலியில் குரு சொல்லும் மன்றாட்டுகளுள் ஒன்றான நான்காம் நற்கருணை மன்றாட்டில், கிறிஸ்துவின் சமாதானத்தில் இறந்தவர்களை நினைத்த உடனேயே, எவருடைய விசுவாசம் கடவுள் ஒருவருக்கு மட்டுமே தெரியுமோ அத்தகைய இறந்தோர் அனைவரையும் குரு நினைவுகூருகிறார். உங்கள் அப்பாவுக்கான இடம் அந்த வாக்கியத்தில் முன்பே இருக்கிறது. நீங்கள் பெயரை மட்டும் எழுதிக் கொடுக்கிறீர்கள். காணிக்கை எவ்வளவு என்று தயங்க வேண்டாம். இயலாதவர்களுக்குக் காணிக்கையின்றியே திருப்பலி நிறைவேற்றும்படி அதே சட்டம் குருக்களை வலியுறுத்துகிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இது உங்கள் அண்ணன் கூடுதுறையில் கொடுக்கும் திதிக்கு மாற்றாகச் செய்யப்படுவதன்று; அதை அம்மாவிடம் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பெயரை எழுதும்போது, பங்குத்தந்தையிடம் உரக்க வாசிப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில பங்குகளில் வாசிப்பார்கள், சில பங்குகளில் உறையைப் பீடத்தருகே வைப்பதோடு சரி. வாசிப்பாரானால் அன்று அம்மாவும் அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைத்தோட்டத்துக்காரர் எழுதியது:

பெயரைத் தெளிவான எழுத்தில், முதலெழுத்தோடு எழுதிக் கொடுங்கள். போன ஆண்டு என் சித்தப்பாவின் பெயரை வேறொருவர் பெயராக வாசித்துவிட்டார்கள்; சித்தி இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.